முடிந்தது என்று சொல்வது யார்?
எழுத்துப் படிப்புகளின் இறுதிப் படைப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஒரு பிரதி எப்போது முடிகிறது என்கிற கேள்வியை நாம் அழகியல் கேள்வியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். வடிவம் கூடி வந்ததா, முடிவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, வாசகருக்கு இடம் விட்டிருக்கிறதா என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். முடிந்தது என்று அறிவிக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. எழுதியவர் கையிலா, பத்திரிகையாசிரியர் கையிலா, பாதியில் செத்துப்போனவரின் பெட்டியைத் திறக்கிற வாரிசுகள் கையிலா? பெரும்பாலும் இந்த அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமலே வேலை செய்கிறது. ஆனால் கையெழுத்தும் முத்திரையும் தேதியுமாக அது பட்டவர்த்தனமாக வெளிப்படுகிற ஓர் இடம் உண்டு. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களின் படைப்பெழுத்துப் படிப்புதான் அந்த இடம். அங்கே மாணவர் கடைசியாக ஒரு தொகுப்பையோ நாவலையோ முடித்துத் தர வேண்டும். தந்தால்தான் பட்டம்.

இளங்கலை மட்டத்தில் இதைக் கேப்ஸ்டோன் என்கிறார்கள். மேற்படிப்பில் பெயர் தீசிஸ், அதாவது ஆய்வேடு. கேப்ஸ்டோன் என்பது மதில் கட்டி முடிக்கும்போது உச்சியில் வைத்து மூடுகிற கல். மழைத்தண்ணி சுவருக்குள் இறங்கி உள்ளேயிருக்கும் காரையை அரித்துவிடாமல் அது காக்கும். கொத்தனாருக்கு இந்தக் கல் அவசியம். எழுத்துக்கு அவசியமா என்பது வேறு விஷயம். தண்ணி இறங்க வழியே இல்லாதபடி மூடப்பட்ட பிரதியை எழுத்தாளர்கள் யாரும் விரும்பிச் செய்வதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே என் வாதம் எளிமையானது. பட்டத்துக்காக ஒரு படைப்பை முடித்துக் கொடுப்பது, எழுதுகிறவர் நிறுவனத்தோடு செய்துகொள்கிற ஒரு கணக்குத் தீர்ப்பு. பிரதி தனக்குள் முடிவது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் நிறுவனம் எழுத்தாளரைத் தன் பிள்ளையாக ஆக்கிக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு அதே நிறுவனம் கருவியாகவும் பயன்பட்டிருக்கிறது. இதற்குச் சாட்சியாக அயோவா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய சிலரின் இறுதிப் படைப்புகளை எடுத்துக்கொள்கிறேன். இத்தகைய படிப்புகளுக்கு முன்மாதிரியாக நின்றது அதுதான்.

2

அமெரிக்காவின் மத்திய மேற்கில், சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது அயோவா பல்கலைக்கழகம். 1922இல் அதன் மேற்படிப்புக் கல்லூரித் தலைவராக இருந்த கார்ல் சீஷோர், படைப்பையும் ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். சீஷோர் உளவியல்காரர், இலக்கியவாதி அல்ல. அதுவரை ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதினால் பட்டம், ஷேக்ஸ்பியர் போல எழுதினால் பட்டம் கிடையாது என்றிருந்த நிலை இந்த அறிவிப்பால் உடைந்தது. 1936இல் வில்பர் ஷ்ராம் தலைமையில் எழுத்தாளர் பட்டறை தொடங்கியது. தகவல் தொடர்பியல் படித்தவர்கள் பாடப் புத்தகத்தில் சந்தித்திருக்கும் அதே ஷ்ராம்தான். 1941 முதல் 1965 வரை பட்டறையை நடத்தியவர் கவிஞர் பால் எங்கிள். அவரே தன் கவிதைத் தொகுப்பை ஆய்வேடாகத் தந்து முதுகலைப் பட்டம் வாங்கியவர். 1932இல் அது யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் வரிசையில் நூலாகவும் வந்தது.

இந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். வாரம் ஒருமுறை பட்டறை கூடும். ஒருவரின் கதையை எல்லோரும் முன்பே படித்துவிட்டு வருவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் அந்த நேரம் முழுக்க வாயைத் திறக்கக் கூடாது என்பது பல பட்டறைகளில் எழுதப்படாத சட்டம். மாத்யூ சலேசஸ் 2021இல் வெளியிட்ட நூலில் இந்த மௌனத்தைத்தான் கேள்விக்கு உள்ளாக்கினார். வெள்ளை நடுத்தர வர்க்க வாசகர்களுக்கு நடுவே ஒரு கொரிய, கறுப்பின, செவ்விந்திய மாணவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், ஒரு வெள்ளை மாணவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரே மௌனம் அல்ல.

கடைசி ஆண்டில் இறுதிப் படைப்பு. நெறியாளர் ஒருவர், அவரோடு சேர்த்துத் தேர்வுக் குழு. கவிதை என்றால் ஐம்பது பக்கத்துக்கு முன்பின்னாக, புனைகதை என்றால் நூறு, நூற்றைம்பது பக்கம் என்று இடத்துக்கு இடம் மாறும் கணக்கு. பல இடங்களில் படைப்போடு ஒரு விமர்சன முன்னுரையும் கேட்பார்கள்: யாரையெல்லாம் படித்தாய், எந்த மரபில் உன்னை நிறுத்திக்கொள்கிறாய், ஏன் இந்த வடிவம்? பிறகு வாய்மொழித் தேர்வு. கையெழுத்து. அதற்குப் பிறகும் விடாது. மேற்படிப்பு அலுவலகத்தில் ஓரத்தில் எத்தனை அங்குலம் விட்டிருக்கிறது, பக்க எண் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். கடைசியில் நூலக வைப்பு.

இளங்கலை கேப்ஸ்டோன் வேறு மாதிரி. முதல் வரைவு, இரண்டாம் வரைவு, திருத்தியது என்று எல்லாவற்றையும் கோப்பாகச் சேர்த்து, முன்னால் ஒரு சுயபரிசீலனைக் கட்டுரை வைக்க வேண்டும். இந்தக் கட்டுரைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. ஏனென்றால் அதற்கென்று ஒரு கதையாடல் ஏற்கனவே தீர்மானமாகிக் கிடக்கிறது. ஆரம்பத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆசிரியரும் சக மாணவர்களும் சுட்டிக்காட்டினார்கள், நான் திருத்தினேன், இப்போது வளர்ந்திருக்கிறேன். இது பழைய பாவமன்னிப்புக் கதை. ஃபூக்கோவை மேற்கோள் காட்டித்தான் இதைச் சொல்ல வேண்டும் என்றில்லை. 'நான் அப்போதே சரியாகத்தான் எழுதியிருந்தேன், நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கெடுத்துக்கொண்டேன்' என்று ஒரு மாணவி எழுதினால் அதற்கு மதிப்பெண் உண்டா? உண்டு என்றால் அந்தப் படிப்பில் உயிர் இருக்கிறது. இல்லையென்றால் அங்கே மதிப்பிடப்படுவது எழுத்து அல்ல, கீழ்ப்படிந்த ஒரு தன்னிலை.

அதேபோல நூலக வைப்பு என்பதும் வெறும் சடங்கு அல்ல. ஆய்வேடுகளை மின்வடிவில் யாரும் படிக்கும்படி வைக்கும் திட்டத்தை 2008இல் அயோவா முன்வைத்தபோது எழுத்துத் துறை மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். வேதியியல் ஆய்வேடு திறந்து கிடந்தால் அறிவு பரவும், சரி. ஒரு நாவலின் முதிராத வரைவு இணையத்தில் திறந்து கிடந்தால் அது வெளியானதாகக் கணக்காகிவிடும், பிறகு எந்தப் பதிப்பாளர் எடுப்பார் என்பது அவர்கள் கேள்வி. பல்கலைக்கழகம் பின்வாங்கியது. முடிந்தது என்று கையெழுத்து வாங்கிய கையோடு, இது இன்னும் முடியவில்லை, வெளியே காட்டாதீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டு கணக்குகள் என்று நான் சொன்னது இதைத்தான்.

அவையில் வைத்து, தேர்ந்தவர் ஒருவர் கேட்டுக் குற்றம் களைந்து ஏற்பது நமக்கொன்றும் புதிதல்ல. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த பாயிரமே பாண்டியன் அவையையும் அதங்கோட்டாசானையும் சொல்கிறது. நெறியாளர், தேர்வுக் குழு, புரவலர் எல்லாம் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் அரங்கேற்றம் நூலுக்கு நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் அது ஆளுக்கு நடக்கிறது. பட்டம் வாங்குவது நூல் அல்ல, ஆள்.

3

1939இல் அயோவா நகரத்தில் இரண்டு கறுப்பின இளம்பெண்கள் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். கறுப்பின மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியில் அப்போது இடமில்லை. ஒருவர் சிற்பி எலிசபெத் காட்லெட். இன்னொருவர் கவிஞர் மார்கரெட் வாக்கர்.

காட்லெட்டின் ஆசிரியர்களில் ஒருவர் ஓவியர் கிராண்ட் வுட். உனக்கு நன்றாகத் தெரிந்ததைச் செய் என்பது அவர் சொன்ன யோசனை. அமெரிக்கக் கலை உலகம் கறுப்பினத் தாயைச் சமையலறையிலும் வெள்ளைக் குழந்தையின் தொட்டில் அருகிலும் மட்டுமே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம். காட்லெட் சுண்ணாம்புக் கல்லில் ஒரு கறுப்பினத் தாயையும் அவளுடைய சொந்தக் குழந்தையையும் செதுக்கினார். அதுதான் அவருடைய இறுதிப் படைப்பு. 1940இல் அயோவாவில் சிற்பத்துக்காக நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்ற முதல் சிலரில் அவரும் ஒருவர். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த அமெரிக்க நீக்ரோ கண்காட்சியில் அந்தச் சிற்பத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. தங்க இடம் தராத பல்கலைக்கழகம் 2017இல் புதிதாகத் திறந்த மாணவர் விடுதிக்குக் காட்லெட் பெயரை வைத்தது. நிறுவனங்கள் இப்படித்தான் தாமதமாக நியாயம் செய்யும், அதையும் தன் பெருமையாகவே எழுதி வைக்கும்.

வாக்கரின் கதை இன்னும் நீளமானது. 1934இல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவியாக இருந்தபோதே அவர் ஒரு நாவலைத் தொடங்கிவிட்டார். அவருடைய பாட்டி சின்ன வயதில் அவருக்குச் சொன்ன கதைகள் அதற்கு மூலம். அந்தப் பாட்டியின் தாய் அடிமையாகப் பிறந்தவர். பிள்ளைக்கு இட்டுக்கட்டிச் சொல்லாதே என்று வாக்கரின் பெற்றோர் கடிந்துகொள்வார்களாம். நான் சொல்வது அப்பட்டமான உண்மை என்று பாட்டி பதில் சொல்வாராம்.

ஆனால் 1940இல் வாக்கர் அயோவாவில் தந்த முதுகலை ஆய்வேடு அந்த நாவல் அல்ல. 'என் மக்களுக்காக' என்னும் கவிதைத் தொகுப்பு. அதன் நடுப்பகுதியில் வருகிற நாட்டார் கதைப்பாடல்கள் எங்கிளின் தூண்டுதலில் எழுதியவை. 1942இல் அது யேல் இளங்கவிஞர் வரிசையில் வெளிவந்தது. அந்த வரிசையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். வேலை தேட பட்டம் வேண்டியிருந்தது. கைவசம் முடிக்கக்கூடியதாக இருந்தது கவிதை. அதைக் கொடுத்துப் பட்டம் வாங்கினார். நாவலை மூடவில்லை, ஒதுக்கித்தான் வைத்தார்.

பிறகு கல்யாணம், நான்கு பிள்ளைகள், மிசிசிப்பியின் ஜாக்சன் அரசுக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. இதற்கிடையில் கிடைத்த நல்கைகளை வைத்து ஆவணக் காப்பகங்களுக்குப் போனார். ஜார்ஜியாவின் டாசன் ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்த கொள்ளுத்தாத்தாவின் தடத்தைத் தேடிப் போனார். பாட்டி வாய்வழி சொன்னதை வெள்ளைக்காரன் எழுதி வைத்த சொத்துப் பதிவேட்டோடும் உயில்களோடும் ஒத்துப் பார்க்க வேண்டிய நிலை. அடிமைப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதுகிற எவருக்கும் இந்தத் தலைவலி உண்டு. தன் முன்னோரின் பெயரை, அவர்களை விலைக்கு வாங்கியவனின் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் வாக்கர் மறுபடி அயோவாவுக்கு முனைவர் பட்டத்துக்காகப் போனார். இந்தத் தடவை நாவலையே ஆய்வேடாகத் தருவது என்று முடிவு. சேகரித்த வரலாற்றுத் தரவுகளைக் காட்சிகளாக மாற்றுவது எப்படி என்பதை அங்கே எழுத்தாளர் வெர்லின் காசிலிடம் கற்றுக்கொண்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். 1965 ஏப்ரலில் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்து முடித்தார். 1966இல் 'ஜூபிலி' நூலாக வந்தது. தொடங்கியதிலிருந்து முப்பத்திரண்டு வருஷம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டி சொன்னால் கட்டுக்கதை. அதையே பேத்தி ஆய்வேடாகத் தந்து நான்கு பேர் கையெழுத்திட்டால் அறிவு. இந்த அநியாயத்தை வாக்கர் உண்டாக்கவில்லை. அதை அவர் தலைகீழாகத் திருப்பிப் பயன்படுத்தினார். வேலை, பிள்ளைகள், இனவெறி என்று எல்லாப் பக்கமும் நெரித்த வாழ்க்கையில் தன்னால் வகுத்துக்கொள்ள முடியாத ஒரு கெடுவைப் பல்கலைக்கழகத்திடமிருந்து கடன் வாங்கிக்கொண்டார். நிறுவனத்தின் நாட்காட்டி அவருக்கு ஒரு முட்டுக்கட்டை மாதிரி, வண்டி பின்னால் உருளாமல் தாங்கியது.

4

ஃப்ளானரி ஓ'கானரின் உதாரணம் எதிர்த்திசையில் போகிறது. 1945இல் ஜார்ஜியாவிலிருந்து பத்திரிகைத் துறையில் படிக்க அயோவா வந்தவர், எங்கிளைப் பார்த்துப் பேசிப் பட்டறைக்கு மாறினார். 1947 ஜூனில் அவர் தந்த இறுதிப் படைப்பு ஆறு சிறுகதைகள் கொண்ட தொகுப்பு. எங்கிளுக்குச் சமர்ப்பணம். தலைப்புக் கதை 'ஜெரேனியம்'. அந்தத் தொகுப்பை நூலாக அவர் தன் வாழ்நாளில் வெளியிடவே இல்லை. கடைசிக் கதையான 'ரயில்' உருமாறி 1952இல் வந்த அவருடைய முதல் நாவலுக்குள் போய்விட்டது.

'ஜெரேனியம்' கதையில் டட்லி என்கிற தெற்கத்தி வெள்ளைக்காரக் கிழவர் நியூயார்க்கில் மகள் வீட்டில் அடைந்து கிடக்கிறார். எதிர் ஜன்னலில் தினமும் ஒரு ஜெரேனியம் தொட்டியை வைப்பதும் எடுப்பதும்தான் அவருக்குப் பொழுது. பக்கத்து வீட்டுக்கு ஒரு கறுப்பர் குடிவருகிறார், வேலைக்காரராக அல்ல, சமமான குடித்தனக்காரராக. கிழவருக்குத் தாங்கவில்லை. மாடிப்படியில் தடுமாறிய அவரை அந்தக் கறுப்பரே கைத்தாங்கலாகப் பிடித்து மேலே கொண்டுவந்து விடுகிறார். அந்த உதவிதான் கிழவருக்கு அவமானம்.

நல்ல கதைதான். தேர்வாளர்கள் கையெழுத்திட்டார்கள். ஆனால் ஓ'கானருக்கு அது முடியவில்லை. 1950களில் ஒருமுறை மாற்றி எழுதினார். 1964இல் லூபஸ் நோயோடு படுக்கையிலும் மருத்துவமனையிலுமாக இருந்த கடைசி மாதங்களில் மறுபடி எழுதினார். அந்த வடிவத்துக்குப் பெயர் 'நியாயத்தீர்ப்பு நாள்'. 1964 ஆகஸ்டு 3இல் தன் 39ஆம் வயதில் இறந்தார். 1965இல் வந்த தொகுப்பின் கடைசிக் கதை அது. பட்டத்துக்குத் தந்த முதல் கதையே அவருடைய இறுதிக் கதைகளில் ஒன்றாகவும் ஆனது.

பதினேழு வருஷத்தில் என்ன மாறியது? நடையும் கட்டுக்கோப்பும் மாறின என்று சொல்லி நகர்ந்துவிடலாம். என் வாசிப்பில் அதைவிட முக்கியமானது அந்தப் பக்கத்து வீட்டுக் கறுப்பர். 1947இல் அவர் கனிவான உதவிக்காரர். கிழவரின் மனத்தைக் காட்டுவதற்காகக் கதைக்குள் கொண்டுவரப்பட்ட கருவி. 1964இல் அவர் ஒரு நடிகர். அவருக்குக் கோபம் இருக்கிறது. ஊர்ப் பழக்கத்தில் கிழவர் தன்னைப் பாதிரி என்று கூப்பிடுவதை அவர் பொறுத்துக்கொள்வதில்லை. கடைசியில் கிழவர் மாடிப்படிக் கைப்பிடிக் கம்பிகளுக்குள் தலையும் கையும் மாட்டிய நிலையில் செத்துக் கிடக்கிறார். வெள்ளைக்காரரின் மனசாட்சிக்குத் துணைப்பாத்திரமாக இருக்க அந்தக் கறுப்பர் மறுத்துவிட்டார்.

ஓ'கானரைப் புனிதராக்க நான் வரவில்லை. அவருடைய கடிதங்களில் உள்ள இனவெறிப் பேச்சுகள் 2020இல் பெரும் விவாதமாயின, ஒரு பல்கலைக்கழகம் தன் விடுதிக் கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது. அந்த விவாதம் நியாயமானது. ஆனால் அந்த இனவெறியோடு அவருடைய எழுத்துக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது என்பதற்கு இந்த ஒரே கதையின் வடிவங்கள் சாட்சி. 1947இல் தேர்வுக் குழுவின் பார்வைக்கு அந்த வழக்கு தென்பட்டிருக்க முடியாது. பாத்திரப் படைப்பு, பார்வைக்கோணம், குறியீடு எல்லாம் சரியாக இருந்தன. கதையில் முடியாமல் கிடந்தது அமெரிக்க வரலாறு.

5

1976இல் சிகாகோவிலிருந்து அயோவா வந்த சாண்ட்ரா சிஸ்நேரோஸ் மூன்றாவது வழியைக் காட்டுகிறார். மெக்சிகத் தொழிலாளர் குடும்பத்துப் பெண். சேர்ந்தது கவிதைப் பட்டறையில். ஒரு வகுப்பில் பாஷலாரின் 'வெளியின் கவிதையியல்' பற்றிப் பேச்சு. வீடு, மாடியறை, நிலவறை, பால்யத்தின் பாதுகாப்பு என்று எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிறார்கள். சிஸ்நேரோஸுக்கு வாயே வரவில்லை. அப்படி ஒரு வீட்டில் அவர் வாழ்ந்ததில்லை. வாடகை வீட்டுக்கு வாடகை வீடு மாறி வளர்ந்தவருக்கு நிலவறை என்றால் எலிதான் ஞாபகம் வரும். கோட்பாடு உலகப் பொதுவானதாகப் பேசுகிறபோது அது யாருடைய வீட்டுக்குள்ளிருந்து பேசுகிறது என்பது அவருக்கு அங்கே தெரிந்தது. அதே காலத்தில் அங்கே படித்தவர் மஸ்கோகி இனக் கவிஞர் ஜாய் ஹார்ஜோ. அந்தச் சூழலின் அந்நியத்தை இருவருமே பின்னால் பேசியிருக்கிறார்கள்.

சிஸ்நேரோஸ் 1978இல் கவிதைக்காகப் பட்டம் வாங்கினார். ஆனால் பட்டறைக்கு வெளியே, வகுப்புத் தோழர்கள் எழுத முடியாதது எதுவோ அதை எழுதுவது என்று தனக்குத்தானே தொடங்கிய சின்னச் சின்ன உரைநடைத் துண்டுகள் வேறு. அவை 1984இல் ஹூஸ்டனின் ஆர்த்தே பூப்ளிகோ என்கிற சிறு பதிப்பகம் வழியாக 'மாங்கோ தெரு வீடு' என்று வந்தன. கோடிக்கணக்கான ஸ்பானியத் தாய்மொழிக்காரர்கள் வாழ்கிற நாட்டில் அது இன்று பள்ளிப் பாடம். நிறுவனத்துக்குக் காட்டிய கை ஒன்று, எழுதிய கை இன்னொன்று. பட்டறை அவருக்குக் கொடுத்தது பயிற்சியை மட்டுமல்ல, எதிர்த்து எழுத ஒரு சுவரையும்.

6

யார் காசில் இது நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மார்க் மெக்கர்ல் 2009இல் வெளியிட்ட 'நிரல் யுகம்' என்கிற நூலில், போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புனைகதையைப் பல்கலைக்கழக எழுத்துப் படிப்பை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்று காட்டினார். எரிக் பென்னட் 2015இல் வெளியிட்ட நூலில் பணத்தின் பாதையைத் தேடிப் போனார். எங்கிள் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் நிதி வாங்கினார். 1960களில் சி.ஐ.ஏ.யின் முகமூடியாக இயங்கிய ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையின் பணமும் வந்தது. கருத்துகளைப் பேசாதே, புலன்களால் எழுது, தனிமனிதரைக் காட்டு என்கிற பட்டறைப் பாடத்துக்கும் பனிப்போருக்கும் உறவு உண்டு என்பது பென்னட்டின் வாதம்.

இதை வைத்துக்கொண்டு எல்லாமே சி.ஐ.ஏ. சதி என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது சுலபம். நம்மில் சிலருக்கு அது பிடித்தமான வேலையும்கூட. ஆனால் காட்சியாக்கு என்கிற அதே பாடத்தை எடுத்துத்தான் வாக்கர் அடிமை முறையின் வரலாற்றை நாவலாக்கினார். கருவியைச் செய்தவரின் நோக்கம் கருவிக்குள் முழுதாகக் குடியிருப்பதில்லை.

எங்கிளும் அவர் துணைவியாரான சீன எழுத்தாளர் ஹுவாலிங் நியேவும் 1967இல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குத்தான் 1973இல் அசோகமித்திரன் போனார். அது பட்டப் படிப்பு அல்ல. பல நாட்டு எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதம் தங்க வைப்பார்கள். ஆய்வேடு கிடையாது, தேர்வுக் குழு கிடையாது, முடித்துக் கொடுக்க ஒன்றும் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்து அவர் பின்னால் எழுதியது 'ஒற்றன்!'. எவரும் கெடு விதிக்காமல், ஊர் திரும்பி ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பிரதியை அயோவா தமிழுக்குத் தந்த இறுதிப் படைப்பு என்றுகூடச் சொல்லலாம். தலைப்பிலேயே ஒரு கிண்டல் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் நிதியில் பெரிதும் நடந்துவந்த அந்தத் திட்டத்துக்கு 2025இல் அந்த நிதி நிறுத்தப்பட்டது. எழுத்தாளரை அழைக்கிற கையும் கதவைச் சாத்துகிற கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

7

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தபோது நாவலைப் பற்றி ஆய்வேடு எழுத என்னைப் போன்றவர்களுக்கு அனுமதி இருந்தது. நாவலை ஆய்வேடாகத் தர அனுமதி இல்லை. 'இன்னாரின் நாவல்களில் பெண் பாத்திரங்கள்' என்று தலைப்பு வைத்து, ஐந்து இயல் பிரித்து, இயல்தோறும் முடிவுரை எழுதி, பைண்டிங் கடையில் தங்க எழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. அதைக் கைடு படித்தாரா என்பதெல்லாம் தனிக்கதை. இங்கே எழுத்தாளர்கள் முதிர்ந்தது துறைகளுக்கு வெளியே, சிறுபத்திரிகைகளிலும் டீக்கடைப் பேச்சிலும் நள்ளிரவு வரை நீண்ட கூட்டங்களிலும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம் கூட்டங்களிலும் ஒரு தேர்வுக் குழு உண்டு. யாருடைய கதை முதிர்ந்தது, யாருடையது வெறும் பிரச்சாரம், யாருடையது வெறும் புலம்பல் என்று கையெழுத்திடாமலே முடிவு செய்த ஆசிரியர்கள் இருந்தார்கள். தலித் எழுத்தும் பெண்ணெழுத்தும் வந்தபோது, இன்னும் கலையாகவில்லை என்று சொன்னவர்கள் யார் என்பதை யோசித்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவிடமாவது விதிமுறை என்ன என்று கேட்கலாம். இந்தக் குழுவிடம் அதுவும் முடியாது.

பட்டயமாகவோ பட்டமாகவோ எழுத்துப் படிப்புகள் நம் பக்கத்திலும் பரவும்போது, இறுதிப் படைப்பை முடிக்க உட்காருகிற இளைஞர்களுக்குச் சொல்ல என்னிடம் சிலதுதான் இருக்கிறது. கெடுவை எடுத்துக்கொள்ளுங்கள், அது உதவும். முதிராததை நிறுவனத்திடம் ஒப்படைத்துப் பாராட்டு வாங்க அவசரப்படாதீர்கள், கைவசம் முடிக்கக்கூடியதாக எது இருக்கிறதோ அதைக் கொடுங்கள். திறந்து வைப்பதா, பூட்டி வைப்பதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். சுயபரிசீலனைக் கட்டுரையில் நீங்கள் ஏற்க மறுத்த திருத்தங்களையும், ஏன் மறுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எழுதுகிறபோது யாரை மனதில் வைத்துப் பேசுகிறீர்களோ அவர்கள் அந்தத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், கையெழுத்து விழுந்த பிறகும் உங்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது.

குர்ட் வானிகட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுகலைக்குத் தந்த ஆய்வேட்டை 1947இல் ஏற்க மறுத்தார்கள். அவர் வேலைக்குப் போனார், நாவல்கள் எழுதினார், உலகப் புகழ் பெற்றார். 1971இல் அதே பல்கலைக்கழகம், 1963இல் வந்த அவருடைய 'கேட்ஸ் கிரேடில்' நாவலை ஆய்வேடாக ஏற்றுக்கொண்டு பட்டம் தந்தது. நிறுவனத்தின் முடிவுகள் இவ்வளவு நெகிழ்வானவை. அவற்றுக்காகக் கவலைப்பட்டு உறக்கம் கெட வேண்டியதில்லை. வாக்கரின் பாட்டி தன் கதை முடிந்ததா என்று எந்தக் குழுவிடமும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி இருந்தாள், அதனால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.